கிட்டார் கம்பி மாற்றம்: வில்லங்கமெல்லாம் பிரிட்ஜ் பக்கம்தான்

அக்கூஸ்டிக் கிட்டாருக்குக் கம்பி மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். விரல் படும் இடமெல்லாம் கறுத்துப்போய், தடித்த கம்பிகள் பொத்துப் பொத்தென்று ஒலிக்க ஆரம்பித்ததும் வேறு வழியில்லை. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, கையும் வியர்க்கிற கை. இந்த இரண்டும் சேர்ந்தால் கம்பிக்கு ஆயுசு கம்மி. 80/20 எனப்படும் செம்பு-துத்தநாகக் கம்பி புதிதில் பளிச்சென்று கேட்கும், ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். அதனால் பாஸ்பர் பிரான்ஸ் (பாஸ்பரஸ் சேர்த்த வெண்கலம்) எடுத்தேன். 12-53 செட், மெல்லிய ஈ (E) கம்பி 0.012 அங்குலம், தடித்த ஈ கம்பி 0.053 அங்குலம்.

கம்பியை முறுக்கும் கீயைத் திருகித் தளர்த்துவதில் ஒரு சிரமமும் இல்லை. அப்புறம்தான் பிரிட்ஜ் பின், அதாவது கிட்டார் உடம்பில் கம்பிகள் மாட்டும் மரத்துண்டான பிரிட்ஜின் ஓட்டைக்குள் கம்பி நுனியைப் பிடித்து வைக்கும் சின்ன முளை. கீயைச் சுழற்றும் கருவியான வைண்டரின் முனையில் இருக்கும் பள்ளத்தைக் கொடுத்து நெம்பினால் மற்றவை வந்துவிட்டன, ஏ கம்பியின் பின் மட்டும் அசைவேனா என்றது. பிளாஸ்டிக் பின் இது. பிளையர் போட்டு இழுத்தால் தலை கையோடு வரும், உடம்பு ஓட்டைக்குள்ளேயே நின்றுவிடும். இதற்குச் சரியான வழி, தளர்ந்த கம்பியை ஓட்டைக்குள் சற்றே தள்ளிவிட்டு, சவுண்ட் ஹோல் எனும் முன்பக்கத் துளை வழியாகக் கையை விட்டு, பின்னின் அடி நுனியை ஒரு நாணயத்தால் மேல்நோக்கி அழுத்துவது. உள்ளே எதுவும் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டப்பென்று கழன்ற அந்த முளை நேராகக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, அது தனிக் கதை.

எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்குக் கழற்றினால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஃப்ரெட்டுகளின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஓரத்தில் சேர்ந்த அழுக்கைத் துடைக்க வேறு சந்தர்ப்பமும் கிடைக்காது.

இனி மாட்டுவது. இந்த செட்டைச் சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து பிரிட்ஜை எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவையைப் பின் தாங்குவதாகத்தான் பார்த்தால் தோன்றும். உண்மையில் தாங்குவது, பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்ளே ஒட்டியிருக்கும் கெட்டி மரத்தகடு. கம்பி நுனியில் இருக்கும் சின்னப் பித்தளைக் குண்டு அந்தத் தகட்டின் அடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது நழுவிவிடாமல் ஒதுக்கிப் பிடிப்பதுதான் பின்னின் வேலை. குண்டு பின்னின் நுனியில் போய் உட்கார்ந்தால் தொலைந்தது. முறுக்க முறுக்கப் பின் மேலே எழும்பும், சுருதி நிற்காது, ஒரு கட்டத்தில் பின் துள்ளிப் பறக்கும். நாமோ கீயைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

ஆகவே குண்டுக்குப் பக்கத்தில் கம்பியை லேசாக வளைத்துக்கொண்டேன். பின்னின் பள்ளம் சவுண்ட் ஹோலைப் பார்த்தபடி இருக்க, பின்னை மெதுவாக அழுத்திப் பிடித்துக் கம்பியை மேலே இழுத்தால், குண்டு போய்த் தகட்டில் இடிப்பது விரலுக்கே தெரிகிறது. சந்தேகம் இருந்தால் டார்ச்சைப் போட்டு மொபைலை உள்ளே விட்டு ஒரு போட்டோ எடுத்துவிடலாம். டி கம்பியின் குண்டு கோணலாகத் தொங்கியது போட்டோவில்தான் தெரிந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன்.

கீ பக்கம் பெரிய வித்தை இல்லை. தடித்தவற்றுக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிய இரண்டுக்கும் இன்னும் ஒன்றிரண்டு கூட, ஒவ்வொரு சுற்றும் முந்தியதற்குக் கீழே. மிச்சத்தை முறுக்கி முடித்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய நுனி ஊசி மாதிரி இருக்கும், வெட்டியவரையே முதலில் குத்தும்.

பயம் கடைசிக் கம்பியான மெல்லிய ஈயில்தான். டியூனர் ஆப் ‘ஈ’ என்று காட்டினாலும் எந்த ஈ என்று பார்க்க வேண்டும், 329.6 ஹெர்ட்ஸைத் தாண்டி முறுக்கிக்கொண்டே போனால் அறுந்து முகத்தில் அடிக்கும். பி கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வருவதும் அதே சுரம்தான். அதை ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டே, முகத்தைத் தள்ளி வைத்து ஏற்றினேன்.

புதுக் கம்பி நீண்டு அடங்கும்வரை சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 12ஆம் ஃப்ரெட் பக்கம் ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து என்று கொஞ்ச நேரம் போனது. மற்றவை அடங்கிவிட்டன. ஜி மட்டும் கீயைத் திருகும்போது நட்டில் (கழுத்தின் நுனியில் கம்பிகள் பள்ளத்தில் அமரும் பட்டை) ‘டிங்’ என்று சிக்கிச் சிக்கி நகர்கிறது. அந்தப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்திருக்கிறேன், சத்தம் குறைந்திருக்கிறது. இன்னும் முழுசாகப் போகவில்லை. அடுத்த தடவை கம்பி கழற்றும்போது அந்தப் பள்ளத்தைக் கடைக்காரரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.