பதினான்கு வளைவு

நான் ஓட்டுவது பிக்அப் வண்டி. கேத்தி பாலாடாவில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதுதான் பதினோரு வருடப் பிழைப்பு. ஆன்மிகப் பயணம் என்று எழுத எனக்குப் பெரிய தகுதி கிடையாது. வேளாங்கண்ணிக்கு இரண்டு தடவை போனதோடு சரி. இது ஊட்டி காந்தல் குருசடிக்கு, அதாவது அங்கே இருக்கும் சிலுவைக் கோவிலுக்கு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் வந்த கதை. எங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறிப் போனால்கூட அரை நாள் பயணம் இல்லை. ஆனால் அங்கே போக எனக்கு மூன்று மாதம் ஆனது.

டிசம்பரில் இருந்து சொன்னால்தான் புரியும்.

தினமும் விடியுமுன் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கில் கை வைத்து ஒரு செபம் சொல்வேன். அம்மா சொல்லிக் கொடுத்த வழக்கம். "இயேசுவே, இன்றைய நாளை உம்மிடம் ஒப்படைக்கிறேன்." அவ்வளவுதான். கழுவின கேரட்டில் இருந்து தண்ணீர் சொட்டும், மூட்டை தூக்குகிறவர்கள் வாயில் புகை வரும், நான் சொல்லி முடித்துச் சாவியைத் திருகுவேன். அந்த ஒரு வரியோடு என் பொறுப்பு தீர்ந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு லோடு ஏற நேரமாகிவிட்டது. மண்டியில் ஏலம் ஆரம்பித்தபின் போனால் விலை கிடைக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முன்னூற்றுச் சொச்சம். அந்த இறக்கத்தில் பாதிக்கு மேல் குன்னூருக்குக் கீழேதான் இருக்கிறது. எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அரிச்சுவடி. நான் அவசரத்தில் மேல் கியரிலேயே விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். பர்லியாருக்கு முன்னாலேயே லைனிங் காந்தும் வாடை வந்தது. அப்புறம் மிதித்தால் பிடிக்கவில்லை. மலைப் பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். கூட இருந்த பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றும் இல்லை. ரோடு முழுக்கக் கேரட். பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள் (கொஞ்சம் பேர் பையிலும் போட்டுக்கொண்டார்கள், அது போகட்டும்).

வண்டி வேலை, சரக்கு நஷ்டம், ஓடாத நாட்களின் தவணை எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடித்தது. எனக்கு ஆண்டவர் மேல்தான் கோபம். உம்மிடம் ஒப்படைத்துவிட்டுத்தானே கிளம்பினேன்? மறுநாளில் இருந்து அந்தச் செபத்தை நிறுத்தினேன். ஞாயிறு பூசைக்குப் போவேன், தூணோரம் நிற்பேன், வருவேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. வீட்டுக்காரி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை காந்தலுக்குப் போலாங்க. நீங்க உள்ள வர வேண்டாம், வெளிய நில்லுங்க. எனக்குத் துணைக்கு வந்தாப் போதும்."

காந்தலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இயேசு அறையுண்ட சிலுவையின் சிறு துண்டு என்று வணங்கப்படும் அருளிக்கம் அங்கே இருக்கிறது. மே 3 அன்று திருவிழா. புனித எலேனா சிலுவையைக் கண்டெடுத்ததை நினைவுகூரும் பழைய நாள் அது. கத்தோலிக்கத் திருச்சபையின் உரோமை நாட்காட்டியில் இருந்து 1960-இல் எடுத்துவிட்டார்கள், சிலுவைக்கான இன்னொரு விழாவான செப்டம்பர் 14 மட்டும் நின்றது. ஆனால் காந்தல் அந்த மே மாதத்தை விடவில்லை. திருவிழா அன்று உள்ளே கால் வைக்க முடியாது. தவக்கால வெள்ளியிலும் கூட்டம்தான், ஆனால் சத்தமில்லாத கூட்டம்.

வெளியே நிற்பதாகத்தான் போனேன். மழைத் தூறலும் குளிரும் உள்ளே தள்ளிவிட்டன. பக்தியெல்லாம் இல்லை.

சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. பிலாத்து இயேசுவுக்குத் தீர்ப்பிட்டதில் இருந்து கல்லறை வரை, பதினான்கு இடமாக நினைத்துச் செபிப்பது அது. ஒவ்வொரு இடத்துக்கும் முழந்தாளிட்டு எழுந்தார்கள், நானும் எழுந்தேன். மனசு எங்கேயோ ரோட்டில் இருந்தது. ஐந்தாம் இடத்தில் சீரேன் ஊர் சீமோன். மாற்கு நற்செய்தியில் அவர் வயல்வெளியில் இருந்து வந்துகொண்டிருந்தார் என்று இருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பிடித்து இழுத்து இயேசுவின் சிலுவை மரத்தைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். நம்ம ஆள், என்று தோன்றியது. பன்னிரண்டாம் இடம் என்று வாசித்தபோது என் கண்ணுக்குள் வந்தது பலிபீடம் அல்ல, ரோட்டோரப் போர்டு. கொண்டை ஊசி வளைவு 12/14.

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் பதினான்கு வளைவு. பதினோரு வருடமாக ஏறி இறங்குகிறேன், ஒரு நாளும் தோன்றியதில்லை.

தொடர்ந்து பூசை. காணிக்கை நேரத்தில் ஃபாதர் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தார். சின்ன வயதில் பீடச்சிறுவனாக அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தவன்தான் நான். ஆனாலும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு. விழுந்ததும் எது தண்ணீர், எது இரசம் என்று தெரியாது, திருப்பி எடுக்கவும் முடியாது. நானோ விடியற்காலையில் ஊற்றிய சொட்டை ஏலத்துக்குள் பிரித்தெடுக்கப் பார்த்தவன். நாளை அவரிடம் கொடுத்தேன், கியரை நானே வைத்துக்கொண்டேன், அவசரத்தையும் நானே வைத்துக்கொண்டேன். வண்டி சாக்கடையில் இறங்கியதும் கணக்கு மட்டும் அவர் பேருக்கு.

அருளிக்கத்தை முத்தமிட வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற வயதான அம்மா கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு குனிந்தார். என் முறை வந்தபோது கேட்க ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. தவணை கூட.

"நாள்தோறும் தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு" என்று லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. மத்தேயுவிலும் மாற்கிலும் அதே வசனம் உண்டு, நாள்தோறும் என்ற சொல் இல்லை. பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் எப்போதோ கேட்டது, திரும்பி வரும் பஸ்ஸில் ஞாபகம் வந்தது. நாள்தோறும் என்பதே எனக்குப் போதாது. எனக்கு வளைவுதோறும் வேண்டும்.

இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன். ஏறும்போது வரிசை சரியாக வரும், முதல் வளைவில் பிலாத்து தீர்ப்பு. லோடோடு இறங்கும்போது தலைகீழ், கல்லறையில் தொடங்கிப் பிலாத்துவிடம் முடியும். கண் ரோட்டில், கால் பிரேக்கில், வண்டி இரண்டாம் கியரில். வாயில் அந்த இடத்தின் பெயர், கூடவே ஒரு காரியம். ஒரு வளைவுக்குத் தவணை, ஒரு வளைவுக்கு மகளின் காலேஜ், ஒரு வளைவுக்கு அம்மாவின் முழங்கால். பையன் முதல் வாரம் பயந்துவிட்டான். "என்னங்கண்ணா முணுமுணுக்கிறீங்க, பிரேக்கு கிரேக்கு போச்சா?"

சொன்னேன். அவன் வீட்டில் வேறு சாமி. ஆனாலும் இப்போது போர்டை அவன்தான் வாசித்துச் சொல்கிறான்.

தவணை இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கேரட் விலை அதன் இஷ்டப்படிதான் இருக்கிறது.

போன வாரம் காலி டப்பாக்களோடு ஏறி வந்தோம். சீசன் நேரம். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். எதிரே வந்த டூரிஸ்ட் கார் அதைப் பற்றிக் கவலைப்படாமல் வளைவின் உள் பக்கமாகவே நுழைந்தது. பாதி வளைவில் நின்று ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடியை இறக்கி, வாயில் வந்ததையெல்லாம் அந்த ஆளுக்குச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. கார் போனது. கியர் போட்டேன், எந்த இடம் என்று மறந்துவிட்டது.

"எத்தனாவதுடா?"

பையன் எட்டிப் பார்த்தான். "ஒன்பதுண்ணா."

ஒன்பதாம் இடம். இயேசு மூன்றாம் முறை விழுகிறார்.