கை படாமல் பாம்பு வளர்ப்பது

விஷப்பாம்பு வளர்ப்பவரிடம் ஏன் என்று கேட்டால் முதலில் அழகைத்தான் சொல்வார். பொய்யில்லை. சருகுக் குவியலில் கிடக்கும் ஆப்பிரிக்காவின் காபூன் விரியனைக் கண் தேடித் தேடித் தோற்கும். ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் நச்சுப்பல், பாம்புகளிலேயே நீளமானது. அதை வாய்க்குள் மடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். இரண்டாவது காரணத்தைப் பலர் சொல்வதில்லை. ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்கிற த்ரில். என் கணக்கில் வளர்ப்பு நியாயமா இல்லையா என்பது இங்கேயே பிரிந்துவிடுகிறது: அழகுக்காக வளர்ப்பவருக்குப் பாம்பைத் தொடவேண்டிய அவசியம் அரிதாகத்தான் வரும்.

தொடாமல் வளர்க்க முதலில் வேண்டியது மறைவுப்பெட்டி. கூண்டுக்குள் ஒரே ஒரு வாசலோடு ஒரு சின்னப் பெட்டி, வெளியிலிருந்தே மூடக்கூடிய கதவு. பாம்பு தானாக உள்ளே போய்ப் படுக்கும். பாம்பைக் கையாளும் நீளமான கொக்கியால் கதவைத் தள்ளி மூடிப் பூட்டியபிறகுதான் கூண்டைத் திறந்து தண்ணீர் மாற்றுவது, கழிவை எடுப்பது எல்லாம். பாம்பு உள்ளே போனதைக் கண்ணால் பார்க்காமல் "இந்நேரம் உள்ளேதான் இருக்கும்" என்று திறப்பதுதான் இதில் நடக்கிற தவறு. ஒரு கூண்டுக்கு ஒரே பாம்பு என்பதும் இதற்காகத்தான். இரண்டு இருந்தால் எண்ணிக்கை பிசகும்.

மருந்து போட, உரியாத சட்டையைப் பார்க்க என்று தொட்டே ஆகவேண்டிய நேரத்துக்கு அக்ரிலிக் குழாய் இருக்கிறது. பாம்பைத் தலைப்பக்கமாக அதற்குள் போகவிட வேண்டும். பாம்பின் உடலைவிடச் சற்றே அகலமான குழாய் போதும். கூடுதல் அகலமாக இருந்தால் உள்ளேயே திரும்பிக் கைப்பக்கம் வந்துவிடும். உடலில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் குழாயின் விளிம்பையும் உடலையும் ஒரே பிடியில் பிடிக்க வேண்டும். கழுத்தைப் பிடிப்பது வீடியோவுக்கு மட்டும் நன்றாக இருக்கும். ஆப்பிரிக்காவின் அட்ராக்டாஸ்பிஸ் பாம்புகளைக் கழுத்தில் பிடிக்கவே முடியாது. வாயைத் திறக்காமல் பல்லைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்த விரலிலேயே குத்திவிடும்.

தீனிக்கு உறைய வைத்த எலி. முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, பையோடு வெந்நீரில் போட்டு 38 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். முகத்தில் சூட்டை உணரும் குழிகள் கொண்ட குழி விரியன்கள் இரையின் சூட்டை வைத்தே குறிபார்க்கும் என்பதால், ஆறிப்போன எலியைவிடக் கையின் சூடுதான் அதற்கு இரையாகத் தெரியும். இடுக்கி 60 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வளர்ந்த விரியனுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். அசையாமல் கிடக்கும் பாம்புக்கு வாராவாரம் போட்டால் கொழுப்பு சேர்ந்து சீக்கிரம் சாகும். பாசத்தில் செய்கிற கொலை அது.

கடித்தால் கடிபடுவது நான்தானே என்ற வாதம் நிற்காது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் ராலி நகரில் வளர்ப்பவர் ஒருவரைப் பச்சை மாம்பா கடித்தபோது, விஷமுறிவு மருந்து தென் கரோலினாவின் ரிவர்பேங்க்ஸ் உயிரியல் பூங்காவிலிருந்து வரவேண்டியிருந்தது. பூங்கா அதைத் தன் ஊழியர்களுக்காக வைத்திருப்பது. அதே வீட்டிலிருந்து தப்பிய விஷம் துப்பும் வரிநாகம் ஒன்று ஜூன் மாதக் கடைசியில் அக்கம்பக்கத்து வீட்டு வாசலில் தென்பட்டது. அது 2020 நவம்பரிலேயே தப்பியிருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஏழு மாதம், தெருவில் யாருக்கும் சேதி இல்லாமல்.

வெளிநாட்டுப் பாம்பு வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்த இனத்துக்கு விஷமுறிவு மருந்து உண்டா, எத்தனை மணி நேரத்தில் என் ஊர் மருத்துவமனைக்கு வரும் என்பது. ஓர் இனத்துக்கான மருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. குப்பியை வீட்டில் வைத்திருந்தாலும் வீட்டில் ஏற்றிக்கொள்ள முடியாது. மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம், பக்கத்தில் அட்ரினலினும் மருத்துவரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கூண்டிலும் இனத்தின் அறிவியல் பெயர், அதற்கான மருந்து, யாரை அழைப்பது என்று எழுதி ஒட்டவேண்டும். கடிபட்டவருக்குப் பேச்சு வராமல் போகலாம். சின்னப் பாம்புதானே என்று இருப்பதும் ஆகாது. சிகாகோவின் பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட்டை 1957 செப்டம்பரில் கடித்தது ஆப்பிரிக்காவின் மரப்பாம்பான பூம்ஸ்லாங்கின் இளம் பாம்பு ஒன்று. அறிகுறிகளைக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தவர் மறுநாள் இறந்துபோனார்.

விஷச் சுரப்பியை அறுத்தெடுத்து, ஆபத்தில்லாத நாகம் என்று விற்பவர்களும் உண்டு. பாம்புக்குத் தேவையில்லாத வலி. அறுவை அரைகுறையாக இருந்தால் விஷம் மிஞ்சியும் இருக்கும். ஆபத்தில்லை என்று நம்பிக் கையில் எடுப்பவருக்குத்தான் அது ஆபத்து. விஷமில்லாத பாம்பு வேண்டுமென்றால் சோளப்பாம்பு இருக்கிறதே.

பாம்பின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். கூண்டில் அது முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க இடம் வேண்டும், ஒரு மூலை சூடாகவும் எதிர்மூலை குளிர்ச்சியாகவும் இருக்கவேண்டும். காட்டில் பிடித்த பாம்பு ஒட்டுண்ணியோடும் உடல் வறண்டும் வரும், பல இரையே எடுக்காது. கூண்டில் பிறந்த குட்டியை மட்டும் வாங்குங்கள். ரேட்டில்ஸ்னேக் கூண்டில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். நடுவில் நீங்கள் நோயில் விழுந்தால் கொக்கியை எடுக்கத் தெரிந்த இன்னொருவர் யார் என்று, குட்டி வீட்டுக்கு வருமுன்பே பெயர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.