மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்னா எனக்கு இன்னைக்கும் உசுரு

ரிங்குக்குள்ள போறதுக்கு முன்னாடி போட்டிருக்க கண்ணாடிய கழட்டி முன் வரிசைல நிக்கிற ஒரு குட்டிப் பையன் கண்ணுல மாட்டி விடுவாரு பாருங்க, அதுக்கே ஆளு நம்ம மனசுல உக்காந்துட்டாரு. கனடால கால்கரி ஊரு, அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டு அடித்தளத்துலயே பசங்களுக்கு மல்யுத்தம் சொல்லிக் குடுத்தவரு, அந்த ரூமுக்கு பேரே டஞ்சன், அதாவது பாதாளச் சிறை.

1992ல ரிக் ஃப்ளேர தோக்கடிச்சு WWF மல்யுத்த கம்பெனியோட சாம்பியன். ஆனா 1997 நவம்பர் 9 மான்ட்ரியல் மேட்ச்ச நினைச்சா இப்பவும் வயிறு எரியுது, எதிராளி ஷான் மைக்கேல்ஸ் இவரோட ஷார்ப்ஷூட்டர்ங்கிற கால் பிடியவே இவருக்குப் போட்டு, இவரு தோல்விய ஒத்துக்கவே இல்ல, அதுக்குள்ள கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மேன் மேட்ச்ச முடிக்கிற மணிய அடிக்கச் சொல்லிட்டாரு, அதுவும் சொந்த நாட்டு ஜனங்க முன்னாடி! அது பச்சை துரோகம்ங்க.

1999 மே மாசம் தம்பி ஓவன், அவரும் மல்யுத்த வீரர்தான், கான்சாஸ் சிட்டில மேல இருந்து ரிங்குக்கு இறங்குறப்ப விழுந்து செத்துட்டாரு. அதே வருஷம் டிசம்பர்ல ஒரு மேட்ச்ல கோல்ட்பர்க் விட்ட உதைல தலைல அடி, அதோட கெரியரே முடிஞ்சுது. 2002ல பக்கவாதம். அதுல இருந்தும் எழுந்து 2010 ரெஸில்மேனியாங்கிற பெரிய மல்யுத்த ஷோல அதே வின்ஸுக்கு ஷார்ப்ஷூட்டர் போட்டாரு, வின்ஸ் தட்டி சரண்டர்.