பறையைக் காய்ச்சுவது

பறை கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அடவைத்தான், அதாவது அடிக்கும் தாள முறையைத்தான், முதலில் கேட்கிறார்கள். முதலில் கருவியைப் பற்றிக் கேளுங்கள்.

வட்டச் சட்டம் ஒரே மரமல்ல. பெரும்பாலும் வேம்பில் வளைவாகச் செதுக்கிய 3 துண்டுகள், இரும்புத் தகட்டால் இணைத்தவை. பச்சை மரத்தில் செய்தால் காயும்போது இணைப்பு விலகும், சத்தம் பிளக்கும். தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையால் சட்டத்தில் ஒட்டுகிறார்கள். கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை அது. இழுவிசை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் ஒரு பக்கம் கணீரென்றும் மறுபக்கம் தொப்பென்றும் கேட்கும்.

அடிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரத்தை இழுத்துக்கொண்டு தோல் தளர்ந்திருக்கும். சூடு அதை இறுக்கும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள், ஓசை மேலேறியதும் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் போனால் தோல் கருகும், வெடிக்கும். ஒரு கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும், அதாவது அந்த நிலத்துக்கு உரியவற்றிலும், பறையை வைக்கிறது. பறையைப் பிற்காலத்தில் ஒரு சாதியின் தலையில் கட்டாய ஊழியமாகச் சுமத்தினார்கள், சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று. பல ஊர்களில் தலித் மக்கள் அடிக்க மறுத்தார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். அந்த மறுப்பும் பறையின் வரலாறுதான். மேடையில் ஏற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.