ஐஇ 6-இல் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கிய வலைப்பக்கம்

2009-இல் நண்பர்கள் நடத்திய ஒரு சிற்றிதழுக்கு இணையதளம் செய்துகொடுத்தேன். ஃபயர்ஃபாக்ஸில் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐஇ) 7-லும் சரி. ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலை ஆசிரியரிடமிருந்து போன்: "தம்பி, இங்க பிரவுசிங் சென்டர்ல நம்ம பக்கம் இடது சுவரோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. வலது பெட்டியும் ஒல்லியா இருக்கு."

அந்த சென்டரில் விண்டோஸ் எக்ஸ்பி, அதனுடன் வந்த ஐஇ 6. 2001-இல் வந்த உலாவி. அதற்கு அடுத்தது 2006 அக்டோபரில்தான் வந்தது என்பதால், இடைப்பட்ட ஐந்து வருடத்தில் அது எல்லா இடத்திலும் குடியேறிவிட்டது. ஒரே விண்டோஸில் ஐஇ 6, 7 இரண்டையும் முறைப்படி வைத்துக்கொள்ளவும் முடியாது. பழைய எக்ஸ்பி கணினி ஒன்றை இரவல் வாங்கினேன். தமிழே கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துகளுக்கான பெட்டியை டிக் செய்து, எக்ஸ்பி சிடியைத் தேடிப் போட்ட பிறகுதான் லதா எழுத்துரு வந்தது. அதற்கே அரை நாள்.

வடிவமைப்பு எளிமையானதுதான். மொத்த அகலம் 960 பிக்சல். இடது பத்தி 640, அதற்கு இடப்புற மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) 20. வலது பெட்டி 268. பேடிங் (பெட்டிக்கு உள்ளே விடும் இடைவெளி) புறத்துக்கு 15, பார்டர் (ஓரக்கோடு) புறத்துக்கு 1 சேர்த்தால் 300. கூட்டினால் கச்சிதமாக 960. இரண்டு பத்தியும் ஃப்ளோட், அதாவது அருகருகே நிற்கும், இடம் போதாவிட்டால் ஒன்று கீழே இறங்கிவிடும்.

ஐஇ 6-க்கு மட்டும் தெரியும்படி கண்டிஷனல் கமெண்ட் போட்டுத் தனி சிஎஸ்எஸ் கோப்பு (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வது) ஒன்று திறந்தேன். பக்கம் நடுவில் வரவில்லையா? பாடிக்கு (பக்கம் முழுவதற்கும்) 'டெக்ஸ்ட்-அலைன்: சென்டர்', உள்ளே மறுபடி 'லெஃப்ட்'. பெட்டி ஒல்லியாக இருக்கிறதா? 268-ஐ 300 ஆக்கு. ஆக்கியதும் அந்தப் பெட்டி தொப்பென்று கீழே இறங்கியது. எண்களை மாற்றி மாற்றிப் பார்த்ததில், இடது பத்தியின் மார்ஜினை 20-லிருந்து 10 ஆக்கியபோது மேலே ஏறிவிட்டது. ஏன் என்று யோசிக்கவில்லை. வேலை நடந்தால் போதும் என்ற மனநிலை. மூன்று நாளில் அந்தக் கோப்பு நூறு வரியைத் தாண்டியது. ஒன்றைத் தட்டினால் வேறொன்று புடைத்தது.

நடுவில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க எல்லாவற்றுக்கும் சிவப்பு பார்டர் போட்டேன். பார்டரும் இடம் எடுக்கும், ஒரு பிக்சல் கூடினாலும் ஃப்ளோட் கீழே விழும். இல்லாத பிழையைத் துரத்தி ஒரு மாலை போனது. அப்புறம்தான் பின்னணி நிறம் கொடுத்துப் பார்க்கும் புத்தி வந்தது.

நாலாம் நாள், தளத்தை அப்படியே விட்டுவிட்டு நோட்பேடில் ஒரு வெற்றுப் பக்கம் எழுதினேன். டாக்டைப் வரி (எந்த விதிமுறைப்படி எழுதிய பக்கம் என்று உலாவிக்குச் சொல்வது), ஒரே ஒரு பெட்டி, அகலம் 200, பேடிங் புறத்துக்கு 50. ஐஇ 6-இல் திறந்தேன். பேடிங்கும் சேர்ந்து 300 பிக்சலில் வந்தது. அதாவது ஒழுங்காக வந்தது! அதே பெட்டியை எங்கள் தளத்தின் பக்கத்துக்குள் ஒட்டினேன். 200-தான். உலாவி ஒன்று, பெட்டி ஒன்று, அளவு மட்டும் வேறு. அப்படியானால் பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது.

இரண்டின் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் வரியிலேயே வித்தியாசம். எங்கள் பக்கம் டாக்டைப்பில் தொடங்கவில்லை. அதற்கு மேலே, இது எக்ஸ்எம்எல் கோப்பு என்று சொல்லும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி இருந்தது. எக்ஸ்ஹெச்டிஎம்எல் 1.0 (எக்ஸ்எம்எல் விதிப்படி எழுதும் ஹெச்டிஎம்எல்) எழுதுகிறவர்கள் அதைப் போடுவது நல்லது என்று அந்த விதிமுறையே வலியுறுத்தியதால் பக்தியோடு போட்டது. அது '<?' என்று தொடங்கும். சர்வரில் பக்கங்களை உருவாக்கும் பிஹெச்பி மொழிக்குச் சுருக்க டேக் அனுமதி இருந்தது, அதாவது '<?' வந்தாலே தன் நிரல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் இந்த வரியையும் தன் நிரல் என்று நினைத்து எர்ரர் காட்டியது. அதையும் சமாளிக்க, எக்கோ என்ற பிஹெச்பி கட்டளை மூலம் அந்த வரியை அச்சிட்டிருந்தேன். அவ்வளவு பாடுபட்டு எனக்கு நானே வைத்துக்கொண்ட வினை.

ஐஇ 6 டாக்டைப்பை முதல் வரியில் எதிர்பார்க்கும். அதற்கு முன்னால் இப்படி ஒரு வரி இருந்தால், இது பழங்காலத்துப் பக்கம் என்று முடிவுகட்டி, ஐஇ 5.5 போல நடந்துகொள்ளும். அதைத்தான் குவர்க்ஸ் மோட் என்பார்கள். அந்த மோடில் பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள் அடங்கிவிடும். இருபக்க மார்ஜினை 'ஆட்டோ' என்றாலும் பெட்டி நடுவுக்கு வராது. ஆசிரியர் போனில் சொன்ன இரண்டு புகாரும் அப்படியே இவைதான். ஐஇ 7 இந்த எக்ஸ்எம்எல் வரியைப் பொருட்படுத்துவதில்லை. அது சரியாகக் காட்டியதால்தான் குற்றம் முழுக்க ஐஇ 6-இன் மேல் என்று நம்பினேன். உறுதிசெய்துகொள்ள முகவரிப் பட்டையில் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பக்கம் எந்த மோடில் இருக்கிறது என்று சொல்லும் 'டாக்குமென்ட்.காம்பாட்மோட்' கேட்டேன். 'பேக்காம்பாட்' என்றது, அதாவது குவர்க்ஸ் மோட்தான். யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறையில் எழுதிய பக்கத்துக்கு அந்த வரி கட்டாயமில்லை. நீக்கிவிட்டுக் கேட்டேன். 'சிஎஸ்எஸ்1காம்பாட்', அதாவது ஒழுங்கான மோட்.

பக்கம் முன்பைவிடக் கேவலமாகச் சிதறியது. பெட்டி இப்போது 300 மேல் 32 கூடி 332 ஆகிவிட்டதே! மூன்று நாள் ஒட்டுப்போட்டதை எல்லாம் பிய்த்து எறிந்தேன். பிறகு மிஞ்சியவைதான் ஐஇ 6-இன் சொந்தப் பிழைகள்.

முதலாவது, அந்த 20-க்கும் 10-க்கும் விடை. இடப்புறம் ஃப்ளோட் ஆன முதல் பெட்டிக்கு இடப்புற மார்ஜின் கொடுத்தால் ஐஇ 6 அதை இரட்டிப்பாக்கும். 20 என்றால் 40. நான் 10 போட்டது 20 ஆனதால்தான் பொருந்தியது. 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், ஃப்ளோட் ஆன பெட்டியை அது வேறெதுவும் செய்யாது. அடுத்து, லோகோவின் ஒளி ஊடுருவும் பிஎன்ஜி படம் பின்னால் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. அதற்கு ஃபில்டர் வித்தைகள் உண்டு, நான் ஜிஃப் ஆக்கிவிட்டேன்.

கடைசிப் பிழை தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதிகமாக வரும். பெட்டியைவிட நீளமான சொல் வந்தால் மற்ற உலாவிகளில் சொல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐஇ 6 பெட்டியையே அகலமாக்கிவிடும், வலது பத்தி மறுபடி கீழே. லதாவோ அகலமான எழுத்துரு. 'அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது' என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால் எந்தப் பெட்டி தாங்கும்? 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' கொடுத்தால் வால் வெட்டுப்பட்டது. 'வேர்ட்-ராப்' கொடுத்தால் சொல் கண்ட இடத்தில் உடைந்தது. தலைப்பைச் சுருக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டேன். "உன் பெட்டிக்காக நான் இலக்கணத்தை மாத்தணுமா?" என்றார். ஐஇ 6-க்கு மட்டும் தலைப்பு எழுத்தை இரண்டு பிக்சல் குறைத்தேன்.

நூறு வரிக் கோப்பில் ஆறு வரி மிச்சம். ஆசிரியர் அதே சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பக்கம் நடுவில் வந்துவிட்டது என்றார். தலைப்பு ஏன் சிறிதாகிவிட்டது என்றும் கேட்டார்.