பழைய 320டி காருக்குப் பிரேக் மாற்றிய கணக்கு

பழைய சொகுசுக் கார் வாங்குவோர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும், அதன் உதிரி பாகங்களின் விலை இறங்காது. என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 320டி. புதிதாக வாங்கியவர் 40 லட்சத்தை ஒட்டிய தொகை கொடுத்திருப்பார். நான் 13 லட்சத்துக்கு வாங்கினேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான பிரேக் டிஸ்க்கை விற்பவருக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. அவரிடம் முதல் உரிமையாளருக்கும் எனக்கும் ஒரே விலைதான். இந்தக் காருக்குப் பிரேக் வேலை செய்து முடித்ததில் எது எவ்வளவு ஆயிற்று, ஏன் ஆயிற்று என்பதை, இதே வகைக் கார் வைத்திருப்போருக்கு உதவக்கூடும் என்று எழுதி வைக்கிறேன்.

ஓடோமீட்டர் 78,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தபோது, முன்பக்கப் பிரேக் பற்றிய எச்சரிக்கை மீட்டரில் தோன்றியது. இந்தக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் தேய்மான சென்சார் கிடையாது. முன்பக்கம் இடது சக்கரத்திலும் பின்பக்கம் வலது சக்கரத்திலும் மட்டுமே உண்டு. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட்டில் செருகியிருக்கும் சிறு பிளாஸ்டிக் முனைக்குள் மெல்லிய கம்பி ஓடுகிறது. பேட் தேயத் தேய அந்த முனையும் தேய்ந்து கம்பி அறுபடும்போது, கணினி அதைக் குறித்துக்கொண்டு, இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம் என்று மதிப்பிட்டுத் திரையில் காட்டுகிறது. ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே காரை ஓரங்கட்ட வேண்டியதில்லை. விலை விசாரிக்க அவகாசம் இருக்கிறது. ஆனால் அந்த எண் பூஜ்யத்தைத் தொடும்வரை தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். சென்சார் இல்லாத வலது முன்சக்கரத்தில் பேட்டுகளை அழுத்தும் காலிபர் நகர்வதற்கான கைடு பின் இறுகியிருந்தால் அங்குள்ள பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்திருக்கும். அதைத் திரை சொல்லாது.

முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் ஒன்றில் மதிப்பீடு கேட்டேன். நான்கு டிஸ்க்குகள், முன்னும் பின்னும் பேட்டுகள், இரண்டு சென்சார்கள், பிரேக் ஆயில், கூலி, வரி எல்லாம் சேர்த்து 1,18,000 ரூபாய் என்று அச்சிட்ட தாள் வந்தது. "பேட் மாத்தும்போது டிஸ்க்கையும் சேர்த்து மாத்திடறதுதான் சார் நல்லது" என்றார் அங்கிருந்த ஆலோசகர். அவர் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஐரோப்பியக் கார்களின் பேட்டுகள், அதிக வேகத்திலும் நல்ல பிடி கிடைக்க வேண்டும் என்பதற்காக, டிஸ்க்கையும் அரித்துத் தேய்க்கும் கலவையில் செய்யப்படுகின்றன. ஜெர்மானியக் கார்களின் முன்சக்கர ரிம்களில் கழுவக் கழுவக் கறுப்புத் தூள் படிவது இதனால்தான். அந்தத் தூளில் பேட்டும் இருக்கிறது, டிஸ்க்கின் இரும்பும் இருக்கிறது. சிறிய கார்களில் பல பேட்டுகளுக்கு ஈடுகொடுக்கும் டிஸ்க், இவற்றில் பெரும்பாலும் இரண்டு செட் பேட்டுகளோடு முடிந்துபோகிறது. ஆக, டிஸ்க் மாற்ற வேண்டியிருக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பதற்கு விடை டிஸ்க்கின் தடிமனில் இருக்கிறது. எனக்குக் கொடுத்த தாளில் தடிமன் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். என் காரின் முன் டிஸ்க் 312 மி.மீ. விட்டமும், புதிதாக இருக்கையில் 24 மி.மீ. தடிமனும் கொண்டது, அதில் பொறித்திருந்த எல்லை 22.4. பின் டிஸ்க் 300 மி.மீ. விட்டம், 20 மி.மீ. தடிமன்; எல்லை 18.4. கோவையில் சொகுசுக் கார்களை மட்டும் பார்க்கும் தனியார் ஒர்க்ஷாப் ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோய், சக்கரங்களைக் கழற்றி அளந்து சொல்லும்படி கேட்டேன். மெக்கானிக் வெர்னியரை எடுக்காமல் மைக்ரோமீட்டரை எடுத்தபோதே அவர் மீது நம்பிக்கை வந்துவிட்டது. பேட் படாத வெளிவிளிம்பு தேயாமல் மேடாக நின்றுவிடுவதால், வெர்னியரின் தாடை அந்த மேட்டின் மீது உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கையும் தடித்த டிஸ்க்காகக் காட்டிவிடும். "விளிம்பு எப்படி நிக்குதுன்னு கை வெச்சுப் பாருங்க, அண்ணா. முன்னாடி ரெண்டும் மாத்தித்தான் ஆகோணுங்க. பின்னாடி இருக்கறது இன்னொரு செட்டுக்குத் தாங்குமுங்க" என்றார்.

அளவுகள் அவர் பேச்சை உறுதிப்படுத்தின. முன் டிஸ்க் 22.2, அதாவது எல்லைக்குக் கீழே. பின் டிஸ்க் 19.3. முந்தைய உரிமையாளர் கொடுத்த பில்களைப் பார்த்தால், முன் பேட் 41,000 கிலோமீட்டரில் ஒருமுறை மாறியிருக்கிறது. பின் பேட் ஒருமுறைகூட மாறவில்லை. அப்படியானால் பின்னால் ஒரு செட் பேட் 0.7 மி.மீ. டிஸ்க்கைத் தின்றிருக்கிறது, இன்னொரு செட் அதே அளவைத் தின்றாலும் 18.6இல் நிற்கும். இவ்வளவு சிறிய கணக்கு, பின் டிஸ்க்குகளை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டது. பின் பேட்டில் மிச்சம் குறைவாக இருந்ததால் அதை மட்டும் சேர்த்தே மாற்றிவிட முடிவு செய்தோம்.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை என்பதால், முன் டிஸ்க்கை ஒரு கடைசல் போட்டால் போதுமே என்று சொன்ன நண்பர்களும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது நடுக்கம் வருகிற, தடிமன் இன்னும் நிறைய மிச்சமிருக்கிற டிஸ்க்குக்கு அது சரி. ஏற்கெனவே எல்லைக்குக் கீழே போன டிஸ்க்கை மேலும் சீவுவது என்பது, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பையே குறைப்பதாகும். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிற ஊர். அங்கே போய் இறங்கும் பழக்கம் உள்ளவன் இந்தச் சிக்கனத்தைச் செய்யக் கூடாது.

பாகம் வாங்குவதில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. 320டி என்ற பெயரை மட்டும் சொல்லி டிஸ்க் கேட்பது பயனற்றது, ஏனென்றால் ஒரே மாடலில் வெவ்வேறு அளவு பிரேக்குகள் உண்டு. எம் ஸ்போர்ட் பிரேக் பொருத்திய கார்களின் முன் டிஸ்க் 340 மி.மீ. விட்டம் கொண்டது. சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால், அந்தக் கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது எந்தப் பிரேக்கோடு வந்தது என்பது பாகப் பட்டியலில் தெரிந்துவிடும். அந்தப் பாக எண்ணை வைத்துக்கொண்டு ஏடிஇ, டெக்ஸ்டார், ஜூரிட் போன்ற தயாரிப்பாளர்களின் ஈடான பாகங்களைத் தேடலாம். இவர்கள் கார் நிறுவனங்களுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுப்பவர்கள். கார் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டிக்கு ஆகும் கூடுதல் விலை மட்டும் இவற்றில் இல்லை. போலிகளுக்கும் பஞ்சமில்லை. பேட்டின் பின்புற இரும்புத் தகட்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் நாட்டு எண்ணும், அதையடுத்து 90ஆர் என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மாற்றுப் பிரேக் பேட்டுகளுக்கான ஐ.நா. விதிமுறை 90இன்படி சோதிக்கப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றிருந்தால் எண் 1 இருக்கும். முத்திரையையே போலியாக அடிப்பவர்களும் இருக்கக்கூடும் என்பதால், ஜிஎஸ்டி எண்ணோடு பில் தராத கடையில் பிரேக் பாகம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

வரி விஷயத்தில் எனக்கு நேரம் நன்றாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக ஆகிவிட்டது. அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளி ஒர்க்ஷாப்புகளுக்கு உதிரி பாகமும் பரிசோதனைக் கருவியும் கிடைக்கவிடாமல் செய்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடு, நீதிமன்றம் என்று நீண்டது வேறு கதை. ஆயினும் வெளியே பார்ப்பது ஏதோ குறுக்குவழி என்று எண்ணித் தயங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

வேலை நடந்த நாளில் கூடவே நின்று பார்த்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும், அது உட்காரும் ஹப்பின் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார்கள். அங்கே மெல்லிய துருப் படலம் இருந்தாலும் புதிய டிஸ்க் நேராக உட்காராது. கொஞ்ச நாளில் ஸ்டியரிங் நடுங்கும், பழி டிஸ்க் மீது விழும். கைடு பின்களைத் துடைத்துச் சுத்தம் செய்தார்கள். அவற்றுக்குக் கிரீஸ் போடவில்லை, ரப்பர் புஷ்ஷுக்குள் உலர்வாக ஓடும் அமைப்பு அது. காலிபரைத் தாங்கும் கேரியரின் போல்ட்டுகளை, குறித்த அளவு விசைக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார்கள். சென்சார்கள் இரண்டும் புதியவை. அறுபட்ட சென்சாரை முறுக்கி ஒட்டவைத்துக் காரை ஏமாற்றும் வித்தையை இந்த மெக்கானிக் செய்வதில்லை. எல்லாம் முடிந்ததும், காரை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்தார். புதிய பேட்டுக்கு இடம்விடக் காலிபரின் பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும் என்பதை அறியாதவர், ஒர்க்ஷாப்பின் சுவரில் போய் நிற்க நேரும். பிறகு இக்னிஷனை மட்டும் போட்டு, மீட்டரில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாக ரீசெட் செய்தார்.

பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரிவரை இறங்க இடம் உண்டு. மலையிறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காலிபருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகி, மிதிக்கும் விசை அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். புதிய பேட்டும் டிஸ்க்கும் அப்போது எதற்கும் உதவா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது நிறுவனம். என் காரின் பில்களில் அதற்கு மேலும் ஓர் ஆண்டு ஓடியிருந்தது.

மொத்தச் செலவு இப்படி வந்தது: முன் டிஸ்க் ஜோடி 15,600, முன் பேட் 7,200, பின் பேட் 5,400, சென்சார்கள் 3,400, பிரேக் ஆயில் 1,600, கூலி 4,500, ஆக 37,700 ரூபாய். இதை முதல் மதிப்பீட்டோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது, அதில் பின் டிஸ்க்குகளும் நிறுவனப் பெட்டியில் வரும் பாகங்களும் இருந்தன. உத்தரவாதம் இன்னும் மிச்சமிருக்கும் காரானால் நானே சர்வீஸ் மையத்துக்குத்தான் போயிருப்பேன். பத்து வயதான காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மறுநாள் விடியலில், போக்குவரத்து தொடங்குமுன், பொள்ளாச்சி சாலையில் புதிய பேட்டை டிஸ்க்கோடு சீராகப் பொருந்தும்படி பழக்கினேன். எண்பதிலிருந்து முப்பதுவரை மிதமான அழுத்தத்தில் வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இடையிடையே டிஸ்க் ஆற நேரம் விட்டு ஓட்ட வேண்டும். சூடான டிஸ்க் மீது பேட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிக்னலில் நின்றால், அந்த இடத்தில் மட்டும் பேட்டின் கலவை திட்டாகப் படிந்துவிடும். டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் திருப்பிக் கொண்டுவருவதில் கணிசமானவை இத்தகைய திட்டுகளே என்று மெக்கானிக் சொன்னார். முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு லேசான வாசமும் மெல்லிய உரசலும் இருந்தன, பிறகு நின்றன. இப்போது பாக்கி இருப்பது பின் டிஸ்க்குகள் மட்டுமே. ஒவ்வொரு சர்வீஸிலும் பின்சக்கரங்களைக் கழற்றி அவற்றின் தடிமனை பில்லிலேயே எழுதித்தரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பின் பேட்டோடு அவையும் மாறும்.