அரும்பு எங்கே வரும்

ஜூலை 8
கடை ஈஸ்ட் கால் தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லிலீற்றர். கச்சான் வீசுகிற நாளில் திருகோணமலை உப்புவெளியில் அடைகாப்புப் பெட்டி எதற்கு, மேசையே 30 பாகைக்கு மேல். ஒரு மணித்தியாலத்தில் நுரைத்தது. ஐதாக்காமல் நுணுக்குக்காட்டி வழுக்கியில் வைத்தது பிழை. கலங்கள் குவிந்து, எது தாய்க் கலத்தில் முளைத்த அரும்பு, எது அயல் கலம் என்று தெரியவில்லை.

ஜூலை 9
பத்து மடங்கு ஐதாக்கியதும் சரிவந்தது. 400 மடங்கில் அரும்புகள் தெளிவு. மெதிலீன் நீலம் ஒரு துளி. நீலமானவை செத்தவை, எண்ணக்கூடாது. மூடித்துண்டைச் சரித்து இறக்காவிட்டால் காற்றுக்குமிழ் வரும்.

ஜூலை 10
இழையப் பரிசோதனை அறிக்கை வரவில்லை.

ஜூலை 11
ஒரு தாய்க் கலத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே அரும்பு. ஏன் இரண்டு இல்லை? சிடிசி42 என்ற சிறு புரதம் இயங்கு நிலையில் மென்சவ்வில் ஓரிடத்தில் சேர்ந்தால், பெம்1 என்ற புரதம் அங்கே ஒட்டும். அது சிடிசி24 என்ற இன்னொன்றை இழுத்து வரும். சிடிசி24 பக்கத்திலுள்ள சிடிசி42களையும் இயக்கிவிடும். அவை இன்னும் பெம்1ஐ இழுக்கும். கலத்தில் இவற்றின் கையிருப்போ மட்டு. இரண்டு திட்டுகள் தொடங்கினாலும் ஒன்று கொழுக்க மற்றது வற்றிப்போகும். பிறகுதான் அக்ரின் என்ற புரத இழைகள் அந்தப் பக்கம் திரும்பி, சுவர்ப் பொருளை அங்கே கொண்டுபோய்க் கொட்டும். சிடிசி42 பழுதான விகாரியில் கலம் உருண்டு பருக்கும், கருவும் பிரியும், அரும்பு மட்டும் வராது. வளர்ச்சி நிற்பதில்லை, திசைதான் போய்விடுகிறது. அதுதான் பயம்.

ஜூலை 12
கரண்ட் இல்லை. ஒளியைத் திருப்ப ஆடி வைத்த பழைய நுணுக்குக்காட்டி. நேர் வெயிலைப் பிடித்தால் கண் போய்விடும். வெளுத்த வானம் போதும்.

ஜூலை 14
தாய்க்கும் அரும்புக்கும் இடையிலுள்ள கழுத்தில் செப்ரின் என்ற புரதங்களின் வளையம்: சிடிசி3, 10, 11, 12. அது பழுதானால் கழுத்து மூடாது, அரும்பு நீண்டுகொண்டே போகும். இந்தக் கருவியில் வளையம் தெரியாது, ஒடுங்கல் மட்டும். பிரிந்த இடத்தில் கைற்றின் என்ற சுவர்ப் பொருளின் தழும்பு. ஒரு தொகுதி நிறமூர்த்தம் மட்டும் உள்ள ஒருமடியக் கலம் பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே அரும்பும். கடை ஈஸ்ட் பெரும்பாலும் முனைகளில். நினைவு என்று சொல்ல ஆசை. ஒருமடியத்தில் அது பட்3, பட்4 என்ற அடையாளப் புரதங்கள்தான்.

ஜூலை 15
அறிக்கை வெள்ளிக்கிழமை என்கிறார்கள். அதில் பார்க்கும் கேஐ67 என்ற புரதம் ஓய்ந்த கலத்தில் இராது, பிரியும் சுழற்சியில் இருப்பவற்றில் இருக்கும். எத்தனை கலம் ஓடுகிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது.

ஜூலை 16
போத்தல் புளித்துவிட்டது. சீனி தீர்ந்தால் புதுச் சுற்றுத் தொடங்காது, அரும்பில்லாத உருண்டைகளாகவே நிற்கும். மாலை 5.20க்குப் புதுத் தண்ணீரும் சீனியும் விட்டாயிற்று. 6.10. இன்னும் ஒரு அரும்பும் இல்லை.